முகாம் காணியை விற்றால் காசு முகாமுக்கு வருமா?

கேள்வி: நாங்கள் கொழும்பில் இயங்கும் ஓய்வுபெற்ற படையினர் சங்கம். முகாம்களில் சும்மா கிடக்கும் காணியையும் பழைய வாகனங்களையும் விற்று, அந்தப் பணத்தில் சிப்பாய்களின் விடுதிகளைத் திருத்தும்படி பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதப் போகிறோம். கடிதத்தில் என்ன இருக்கவேண்டும்?

பதில்: பணம் எந்த வழியால் விடுதிக்கு வந்து சேரும் என்பதை முதலில் எழுதுங்கள். பல நல்ல யோசனைகள் தடுக்கி விழுவது இங்கேதான். அரசியலமைப்பின் 149ஆம் உறுப்புரைப்படி, குறித்த நோக்கத்துக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்படாத அரச வருமானம் முழுவதும் திரட்டு நிதியம் என்னும் அரசின் பொது நிதிக்கே போகும். அங்கிருந்து எடுக்கப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டும். ஆகவே "விற்று வரும் காசில் திருத்துங்கள்" என்று எழுதினால் திறைசேரியோடு கதை முடிந்துவிடும். விற்கும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே, மூலதனச் செலவின் கீழ், இன்ன முகாமின் இன்ன கட்டடத்துக்கு இவ்வளவு என்று கேளுங்கள். ஆண்டின் நடுவில் விற்பனை நடந்தால் குறைநிரப்பு மதிப்பீடு, அதாவது மேலதிக ஒதுக்கீடு, கேட்கலாம். விற்ற காசைப் போட்டுவைக்கத் தனி வங்கிக் கணக்கு மட்டும் வேண்டாம். கணக்காய்வில் முதலில் மாட்டுவது அதுதான். பிலிப்பீன்ஸ், மணிலாவின் முகாம் காணிகளை விற்பதற்கு முன், 1992இல், வருமானத்தில் படைகளுக்குரிய பங்கைக் குடியரசுச் சட்டம் 7227இலேயே எழுதிவைத்தது. நிலையான வழி அதுவே.

அடுத்தது, காணி உண்மையிலேயே மிகையா? பிரித்தானியா 1996இல் 57,000க்கும் மேற்பட்ட படையினர் குடியிருப்புகளை ஏறத்தாழ 166 கோடி பவுணுக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்று, அவற்றையே வாடகைக்கு எடுத்தது. பராமரிப்புச் செலவும் அமைச்சின் தலையிலேயே நின்றது. 2025இல் 36,347 வீடுகளைத் திரும்ப வாங்க ஏறத்தாழ 600 கோடி பவுண் கொடுத்தது. தேவையானதை விற்றால் நடப்பது இதுதான். நம் காலிமுகத்திடலையும் பாருங்கள். இராணுவத் தலைமையகம் இருந்த இடத்தில் ஷங்ரி-லா ஹோட்டல் 2017இல் திறந்தது. அதற்கு மாற்றான அக்குரேகொடைத் தலைமையகம் திறக்க 2019 ஆயிற்று. எனவே மாற்றுக் கட்டடம் முடிந்த பிறகே காணியை ஒப்படைப்பது என்ற நிபந்தனையைச் சேருங்கள். கொழும்பு நகரக் காணியென்றால், எங்கள் அபிப்பிராயத்தில், அறுதியாக விற்பதைவிட நீண்டகாலக் குத்தகை மேல்.

படைகள் பாவிப்பதால் மட்டும் காணி அரசுக்குச் சொந்தமாகாது. தனியார் காணியைச் சுவீகரித்து, நட்டஈடும் கொடுக்காமல், பொதுத் தேவைக்கும் பயன்படுத்தாமல், மேம்படுத்தாமலும் விட்டிருந்தால், காணி எடுத்தல் சட்டத்தின் 39அ பிரிவின் கீழ் உரியவரிடமே திருப்பிக் கொடுக்க இடமுண்டு. இத்தகைய காணியைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அது நீதியுமல்ல, விற்பனையும் வழக்கில் சிக்கும்.

வாகனங்களில் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். அரசின் நிதி விதிகளான நிதிப் பிரமாணங்களில் 756இன்படி நடக்கும் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பு, பாவனைக்கு உதவாதவை என்று ஒதுக்கும் தீர்மானம், விலைமதிப்பு, ஏலம் என்று படிப்படியாகத்தான் போகும். அதற்குள் உப்புக்காற்றும் மழையும் வாகனத்தைத் தின்றுவிடும். ஒதுக்கியதும் விரைவில் ஏலத்துக்கு விட ஒரு கால எல்லை கேளுங்கள். ஆயுதமும் கவச வாகனமும் ஏலத்துக்கு உரியவையல்ல; வெளிநாட்டிலிருந்து வந்தவற்றைக் கைமாற்ற, விற்ற நாட்டின் சம்மதமும் தேவைப்படலாம்.

கடிதத்தோடு ஒவ்வொரு காணிக்கும் நில அளவை வரைபட இலக்கம், உரிமை விபரம், இப்போதைய பாவனை, திருத்தவேண்டிய கட்டடத்தின் செலவு மதிப்பீடு ஆகியவற்றை இணையுங்கள். பிரதியொன்றைத் திறைசேரிக்கும் அனுப்புங்கள்.