சின்ன அலுமினிய கீபோர்ட்: வாங்குமுன் நீங்கள் கேட்டவை

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டனில் கணினி திருத்தும் வேலை செய்கிறேன். கீபோர்ட்களைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பதில் தனி ஆசை. 60 முதல் 100 டொலர் வரையில் கிடைக்கும் சின்ன அலுமினிய மெக்கானிக்கல் கீபோர்ட் பற்றிக் கேளுங்கள் என்றதும் மலையகத்தின் பல பக்கத்திலிருந்தும் கேள்வி வந்திருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் விரல் நாள் முழுக்கப் படுவது அலுமினியத்தில் இல்லை, விசைகளில். எந்த விசை எங்கே இருக்கிறது, ஸ்பேஸ் பார் ஆடுகிறதா, ஒவ்வொரு விசைக்கும் கீழே இருக்கும் சுவிட்ச் கைக்குப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால்தான் உலோகக் கூட்டுக்குக் காசு கொடுக்கலாம்.

பதுளையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, பிளாஸ்டிக்கை விட அலுமினியத்தில் உண்மையில் என்ன லாபம்? இவ்வளவு மலிவாக எப்படித் தருகிறார்கள்?

பாரம்தான் முதல் லாபம். இந்த அளவு பிளாஸ்டிக் கீபோர்ட் ஒரு கிலோவுக்கும் குறைவு. அலுமினியம் என்றால் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை வரை போகும். மேசையில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும், அழுத்தினால் வளையாது. சத்தமும் கொஞ்சம் கனமாக வரும். தட்டச்சு வேகம் இதனால் அதிகரிக்காது, பிழையும் குறையாது.

விலை இறங்கியதற்குக் காரணம் உண்டு. செர்ரி கம்பனியின் எம்எக்ஸ் சுவிட்ச் 1980களில் வந்தது. அதன் காப்புரிமை முடிந்ததும் கேட்டரோன், கைல், அவுடெமு போன்ற சீனக் கம்பனிகள் அதே அமைப்பில் சுவிட்ச் செய்யத் தொடங்கின. 2021இல் கீக்ரோன் கம்பனியின் கியூ1 கீபோர்ட் வந்த பிறகு முழு அலுமினியக் கூட்டைப் பெரும் எண்ணிக்கையில் செய்து விற்கும் போட்டி சூடுபிடித்தது. அந்தப் போட்டியின் பலன்தான் இன்றைய விலை. ஆனால் கூட்டில் தாராளம் காட்டிவிட்டு ஸ்டெபிலைசரிலும் (ஸ்பேஸ் பார் போன்ற நீள விசையை ஆடாமல் பிடிக்கும் கம்பி அமைப்பு) மென்பொருளிலும் கைவைக்கும் கம்பனிகள் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது அங்கேதான்.

கொட்டகலையில் கொமியூனிகேஷன் நடத்தும் ஒரு அக்கா: நான் நாள் முழுக்க பாமினியில்தான் டைப் செய்கிறேன் தம்பி. சின்னக் கீபோர்ட் எனக்குச் சரிவருமா?

அக்கா, வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. வெளிநாட்டுக்காரர் யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவின் விசை அமைப்பில் ‘ஹ’ எங்கே இருக்கிறது? 1 என்ற இலக்கத்துக்கு இடப்பக்கம், மேல் மூலையில். 60 வீத, 65 வீத கீபோர்ட் (முழுக் கீபோர்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு) பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் எஸ்கேப் விசை வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஹ’ வேண்டுமென்றால் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஹட்டன், ஹப்புத்தளை, ஹாலிஎல, ஹங்குராங்கெத்த என்று நாளைக்கு எத்தனை விலாசம் அடிக்கிறீர்கள்! ஒவ்வொன்றிலும் கை தடுமாறும்.

வழி இரண்டு. ஒன்று, 75 வீதம் என்று விற்கும் அளவை வாங்குங்கள். அதில் மேலே எஃப்1, எஃப்2 வரிசை தனியாக இருக்கும், எஸ்கேப் அங்கே போய்விடும், ‘ஹ’ தன் இடத்திலேயே இருக்கும். அகலமும் 65 வீதத்தை விடப் பெரிதாக அதிகரிக்காது. இரண்டாவது, 65 வீதம்தான் வேண்டுமென்றால் விசைகளை மாற்றியமைக்க உதவும் மென்பொருள்களான கியூஎம்கே, வயா ஆதரவு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வயா இருந்தால் வலப்பக்க ஓரத்தில் இருக்கும் டிலீட், பேஜ் அப் விசைகளில் ஒன்றை ‘ஹ’ விசையாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது எஸ்கேப்பையே மாற்றலாம். மாற்றம் கீபோர்டுக்குள்ளேயே பதிவாகும். வேறு கணினியில் செருகினாலும் அப்படியே வேலை செய்யும், எதையும் இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை.

இன்னொன்று. பாமினியில் மூ, கூ, சூ மூன்றும் இலக்க வரிசையில் ஷிஃப்டோடு வருகின்றன. அதனால் இலக்க வரிசையே இல்லாத 40 வீத கீபோர்ட் பக்கம் போகவே வேண்டாம். புள்ளி வைக்கும் விசை, அதாவது எல் எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது, உங்களிடம் மற்ற எல்லாவற்றையும் விட அடிபடும். விசையின் மேல் மூடி ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் என்றால் அந்த ஒன்று மட்டும் சீக்கிரம் பளபளத்து வழுக்கும். பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்த மூடியைக் கேளுங்கள், கூடிய காலம் தாங்கும்.

தமிழ்99 என்ற விசை அமைப்பைப் பாவிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் ‘ஹ’ ஷிஃப்டோடு ஆர் (R) விசையில் வருகிறது, மற்றக் கிரந்த எழுத்துகளும் அதே வரிசைதான். 65 வீதமே போதும்.

தோட்ட ஆபீஸில் வேலை செய்யும் ஒருவர்: செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவு) கணக்கு போட இது நல்லதா?

நல்லதில்லை. சின்னக் கீபோர்டில் வலப்பக்க இலக்கப் பலகை கிடையாது. நாள் முழுக்க இலக்கம் அடிப்பவர் முழு அளவு வாங்குங்கள், அல்லது தனியாக விற்கும் நம்பர் பேட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி: இங்கே ஜனவரிக் குளிரில் இரும்பு நாற்காலியைத் தொடவே முடியாது. அலுமினியக் கீபோர்ட் கையை விறைக்க வைக்காதா அண்ணா?

விறைக்கும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. அலுமினியம் வெப்பத்தைச் சட்டென்று இழுக்கும், அதனால்தான் அதே அறையில் இருக்கும் பிளாஸ்டிக்கை விடக் குளிராகத் தெரிகிறது. விரல் படுவது பிளாஸ்டிக் மூடியில். குளிர் தெரிவது உள்ளங்கை முன் விளிம்பில் உரசும்போது மட்டும். இந்தக் கீபோர்ட்களின் முன் விளிம்பு பிளாஸ்டிக்கை விட உயரமாகவும் இருக்கும், மணிக்கட்டை மடித்து வைத்தால் வலிக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து மரத்தாலான கைதாங்கி. கடையில் வாங்கத் தேவையில்லை. கீபோர்டின் முன் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் ஒரு பலகைத் துண்டைத் தச்சரிடம் வெட்டி, உப்புத்தாள் போட்டு எடுங்கள். 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊரில் இது கட்டாயம் என்றே சொல்வேன்.

டிக்கோயாவிலிருந்து ஏ.எல். படிக்கும் தம்பி: லயத்தில் இருக்கிறோம். இரவில் டைப் செய்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். எந்த சுவிட்ச் எடுப்பது?

நீல சுவிட்ச் வேண்டாம் தம்பி. அது ஒவ்வொரு அடிக்கும் ‘கிளிக்’ என்று சத்தம் போடுவதற்காகவே செய்தது. சிவப்பு வகை, அதாவது நேராக இறங்கும் லீனியர் எடுங்கள். செர்ரி சிவப்பு 45 கிராம் அழுத்தத்தில் வேலை செய்யும், 2 மில்லிமீற்றர் இறங்கியதும் எழுத்து விழும், முழு ஆழம் 4 மில்லிமீற்றர். மற்றக் கம்பனிகளின் சிவப்பும் ஏறத்தாழ அதே கணக்குத்தான். சத்தம் அடக்கிய ‘சைலன்ட்’ சுவிட்சும் இருக்கிறது, கிடைத்தால் அதுதான் உங்களுக்கு.

அலுமினியக் கூட்டுக்கென்று ஒரு சத்தம் உண்டு: அடித்து முடித்த பிறகு உள்ளே ‘டிங்’ என்று மெல்லமாக ஒலிக்கும். கேஸ்கட் மவுன்ட் என்று போட்டிருப்பதை எடுத்தால் உள்பலகை பஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும், ஒலி குறையும். அப்படியும் கேட்டால் கூட்டைத் திறந்து, மேல் பாதியும் கீழ் பாதியும் ஒன்றோடு ஒன்று முட்டும் திருகாணி இடங்களில் சின்னத் துண்டு டேப் ஒட்டி மூடுங்கள். உலோகம் உலோகத்தைத் தொடாமல் விட்டாலே பாதி ஒலி போய்விடும். கீபோர்டுக்குக் கீழே ஒரு தடித்த துணி விரிக்கவும் மறக்காதீர்கள், சுவருக்குப் போகும் அதிர்வை அது பிடிக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து: புதுசாக வாங்கினேன், ஸ்பேஸ் பார் மட்டும் கடகடக்கிறது. மாற்றிக் கேட்கவா?

கேட்குமுன் இதைச் செய்து பாருங்கள். ஸ்பேஸ் பாரின் இடது முனையை மட்டும் அழுத்துங்கள், பிறகு வலது முனையை. ஒரு பக்கம் மட்டும் சத்தம் என்றால் அந்தப் பக்கத்து ஸ்டெபிலைசர் கம்பி காய்ந்து கிடக்கிறது. மூடியை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். கீழே இரண்டு சின்னப் பிளாஸ்டிக் கூடும் அவற்றை இணைக்கும் கம்பியும் தெரியும். கம்பியின் முனை கூட்டுக்குள் நுழையும் இடத்தில் டைஎலெக்ட்ரிக் கிறீஸ் ஒரு பொட்டு, பல்குத்தியால் வையுங்கள். அதிகம் வைத்தால் விசை மெதுவாக எழும்பும். இதில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் கம்பியைக் கழற்றிக் கண்ணாடி மேல் வையுங்கள். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால் கம்பி வளைந்திருக்கிறது. கையால் மெல்ல நிமிர்த்துங்கள். கடையில் வாங்கும்போதே ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், இடது ஷிஃப்ட் நான்கையும் இப்படி முனை முனையாக அழுத்திப் பார்ப்பது நல்லது. விற்பவர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு ஐயா: கீபோர்டின் ஓரத்தைத் தொட்டால் லேசாகக் கரண்ட் அடிப்பது போல இருக்கிறது. பழுதா?

ஐயா, பெரும்பாலும் கீபோர்டில் பழுது இருக்காது. மடிக்கணினி சார்ஜர் இரண்டு முள் வகையாக இருக்கும், அல்லது மூன்று முள் இருந்தும் வீட்டு வயரிங்கில் எர்த் இருக்காது. சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கொண்டென்சர் வழியாக மிகச் சின்னக் கசிவு வந்து, யூஎஸ்பி வயரின் உலோக உறை வழியாகக் கூட்டுக்கு வருகிறது. பிளாஸ்டிக்கில் இது தெரியாது. அனோடைஸ் செய்த (ஒக்சைட் பூச்சு ஏற்றிய) மேற்பரப்பு மின்சாரத்தைத் தடுக்கும். திருகாணியிலும் கீறல் விழுந்த இடத்திலும்தான் விறுவிறுக்கும்.

சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் அதுதான். எர்த் சரியாக உள்ள பிளக்கில் மூன்று முள் சார்ஜரைப் போடுங்கள், அல்லது கீபோர்டை வயர்லெஸ்ஸில் பாவியுங்கள். விறுவிறுப்பு இல்லாமல் கையை உதறும் அளவுக்கு அடித்தால் அது வேறு விஷயம், உடனே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் என்ன செய்வது என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள்: சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

தலவாக்கலையிலிருந்து: ஜன்னல் வழியாக மிஸ்ட் உள்ளே வருகிறது. துருப்பிடிக்காதா? பிளேன்டீ கொட்டினால்?

அலுமினியம் துருப்பிடிக்காது. துரு பிடிப்பது உள்ளே இருக்கும் இரும்புத் திருகாணி, ஸ்டெபிலைசர் கம்பி, சுவிட்ச் ஸ்பிரிங். ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டால் நீராகப் படியும், அதனால் இரவில் ஒரு துணியால் மூடி, ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பிளேன்டீயில் தண்ணீரை விட மோசம் சீனிதான், காய்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். கொட்டியதும் வயரைக் கழற்றி, வயர்லெஸ் என்றால் சுவிட்சை நிறுத்தி, குப்புறக் கவிழ்த்து வையுங்கள். ஹொட் ஸ்வொப், அதாவது சுவிட்சைக் கையால் பிடுங்கி மாற்றக்கூடிய கீபோர்ட் என்றால் நனைந்த சுவிட்சுகளை மட்டும் பிடுங்கி எடுத்து, பலகையை ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதிய சுவிட்ச் செருகலாம். பற்றவைக்கும் வேலையே இல்லை. ஹொட் ஸ்வொப் இல்லாத அலுமினியக் கீபோர்டை யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

கம்பளையிலிருந்து: கலர் லைட் எது நல்லது?

எதுவும் சரி. வயர்லெஸ்ஸில் பாவித்தால் அணைத்து வையுங்கள், பற்றரியைத் தின்பது அதுதான்.

ஹப்புத்தளையிலிருந்து: கொழும்பு யூனிட்டி பிளாஸாவில் வாங்குவதா, வெளிநாட்டிலிருந்து எடுப்பதா, இரண்டாம் கை எடுக்கலாமா?

வெளிநாட்டு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாரத்துக்கு ஏற்பக் கூரியர் கூலி ஏறும், அலுமினியத்தில் அது சின்னத் தொகை இல்லை. அதற்கு மேல் இறக்குமதி வரிகள், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற். எல்லாம் கூட்டிய பிறகு கொழும்பு விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் கொஞ்சம் என்றால் கடையிலேயே வாங்குங்கள், கையால் அழுத்திப் பார்க்கலாம், பழுதென்றால் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இரண்டாம் கை என்றால் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போங்கள். நோட்பேட் திறந்து ஒரு விசை விடாமல் அடியுங்கள். மூலைகளில் பெயின்ட் உதிர்ந்து வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள், உதிர்ந்தால் ஒரு தடவை விழுந்திருக்கிறது. உங்களிடம் இருக்கும் யூஎஸ்பி சி வயரையே செருகிப் பாருங்கள். சில கூடுகளில் துளை ஒடுக்கமாக இருப்பதால் தடித்த பிளக் முழுதாக உள்ளே போகாது. இரண்டு பக்கமும் சி உள்ள வயரில் சில மலிவுக் கீபோர்ட் வேலை செய்யாது, ஏ பக்கம் உள்ள வயரும் கையில் இருக்கட்டும். வயர்லெஸ் என்றால் கீழ்ப்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பற்றரி உப்பியிருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.