“அன்னிக்கே கேட்டுக்கு வெளிய தள்ளிட்டேனுங்க”: முதலாளி தரப்பு வக்கீலின் பதில்கள்

பல்லடம், ஸ்பின்னிங் மில்: நூல் கோன் திருடினவன் கேமராவுல மாட்டிக்கிட்டான். சூப்பர்வைசர்தான் புடிச்சாரு. அன்னிக்கே கேட்டுக்கு வெளிய தள்ளிட்டேனுங்க. இப்ப லேபர் கோர்ட்ல கேஸ் போட்டிருக்கான். திருடனுக்கு எதுக்குங்க விசாரணை?

திருட்டு நடந்ததா என்பதைக் கோர்ட் பிறகுதான் பார்க்கும். அவரிடம் விளக்கம் கேட்டீர்களா என்பதுதான் முதல் கேள்வி. மெமோ கொடுத்து, சஸ்பெண்ட் செய்து, முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளமும் கொடுத்து விசாரித்திருக்க வேண்டும். பிடித்த சூப்பர்வைசர் சாட்சிதான். அவரே விசாரணை அதிகாரி ஆக முடியாது. இன்னமும் வழி இருக்குங்க. திருட்டைக் கோர்ட்டிலேயே சாட்சி வைத்து நிரூபிக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பை, அவர் வழக்குக்கு நீங்கள் கொடுக்கும் எழுத்துப் பதிலான எதிருரையிலேயே கேட்டுவிட வேண்டும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வேலை: அந்தக் கேமரா பதிவை இன்றைக்கே எடுத்து வையுங்கள். விட்டால் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும்.

திருப்பூர், பனியன் கம்பெனி: தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடிச்சு, புதுசா சேர்த்துக்கறோம். 8 வருசம் இருந்துட்டு நின்னுட்ட டெய்லர் கிராஜுவிட்டி கேக்கறாருங்க.

கொடுத்துடுங்க. அதே மெஷின், அதே ஆள், அதே இஎஸ்ஐ நம்பர். பத்து நாள் லீவை சர்வீஸ் முறிவு என்றால் யார் நம்புவார்? அவர் சம்பளம் 13,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்: வருடத்துக்கு 7,500, மொத்தம் 60,000. அவர் நின்று 30 நாள் தாண்டினால் வட்டியும் சேரும். வழக்காடினால் என் ஃபீஸும்தான்.

கணபதி, பம்ப் கம்பெனி: ராஜினாமா பண்ணினவர் சம்பளத்தை அடுத்த மாசம் 7-ந் தேதி போட்டாப் போதுமா?

போதாது. 2025 நவம்பர் 21 முதல் சம்பளத்துக்கான புதிய தொகுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது: 2 வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

பெருந்துறை, சின்ன யூனிட்: இருக்கறது 14 பேரு, எல்லாம் சொந்தக்காரப் பொண்ணுங்க. பாலியல் புகார்க் குழு எங்களுக்கும் வேணுமா?

10 பேர் இருந்தாலே வேணும். 2013-ஆம் வருடச் சட்டம். போடாவிட்டால் 50,000 வரை அபராதம். சொந்தக்காரப் பெண் உங்களிடம் வாய் திறக்க இன்னும் தயங்குவார். வெளியாள் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது அதற்கும் சேர்த்துத்தான்.

ஈரோடு, தறிக்கூடம்: எல்லார்கிட்டயும் வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கேனுங்க. கேஸ் வந்தா உதவுமா?

உதவும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு.