ஆரம்பப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

யாழ்ப்பாணத்து ஆரம்பப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் பிறகு அதிபராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள் என்றேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்: சேர், மகன் தரம் 2. போன கூட்டத்தில் என் பெயரைச் செயற்குழுவில் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்யவேண்டும்?

முதலில் பயத்தை விடுங்கள், தங்கச்சி. சங்கத்தின் தலைவர் அதிபர்தான். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் எல்லோருக்கும் சங்கத்தில் இடம் உண்டு, அவர்களிலிருந்துதான் செயற்குழு. ஆனால் பல இடங்களில் செயற்குழு என்றால் விளையாட்டுப் போட்டிக்குச் சோடா வாங்குவதும் விருந்தினருக்கு வடை சுடுவதும் என்று ஆகிவிட்டது. நீங்கள் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: இந்த வருடச் செயற்றிட்டம், போன வருடக் கணக்கறிக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

அப்புறம், ஒருநாள் இடைவேளை நேரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சும்மா நில்லுங்கள். தண்ணீர்க் குழாயடியில் எத்தனை பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள்? கழிப்பறைக் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா? இருந்தால், அது தரம் 1 பிள்ளையின் கைக்கு எட்டுமா? எட்டாத கொண்டிக்குப் பயந்து வீடு போகும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் உண்டு. அடுத்த கூட்டத்தில் பேச உங்களுக்கு விஷயம் கிடைத்துவிடும். அதைத் திருத்த ஒரு தச்சனுக்கு அரை நாள் கூலி போதும்.

சுன்னாகத்திலிருந்து ஓர் ஆசிரியை: வருடம் முழுக்க விழாக்கள்தான். பாடம் எப்போது எடுப்பது? எதை விடலாம், எதை வைத்திருக்கலாம்?

டீச்சர், எதையும் விடச் சொன்னால் ஊர் என்னை விடாது. தைப்பொங்கல், தரம் 1 பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா, இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி என்று வருடத் தொடக்கம் போகும். ஒக்டோபரில் 1ஆம் திகதி சிறுவர் தினம், 6ஆம் திகதி ஆசிரியர் தினம், அதையொட்டி வாணி விழா, மார்கழியில் நத்தாருக்கு ஒளி விழா. ஒக்டோபருக்குப் பிறகு எங்களுக்கு மாரி. வெளியில் பந்தல் போட்டு எதையும் அந்த நேரத்தில் திட்டமிடாதீர்கள். வாணி விழாவையும் ஆசிரியர் தினத்தையும் ஒரே நாளில் முடித்த பாடசாலைகள் இருக்கின்றன. சரஸ்வதி கோபித்ததாகத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், ஒரேயொரு நிகழ்ச்சிக்குத்தான் சங்கம் முழு மூச்சாக நிற்கவேண்டும்: மாணவர் சந்தை. முருங்கைக்காய், வாழைப்பொத்தி, தேசிக்காய், புழுக்கொடியல், வீட்டுக் கோழி முட்டை என்று பிள்ளைகள் கொண்டுவந்து சாக்கு விரித்து விற்பார்கள். தரம் 3 பிள்ளை ஒருத்தி 70 ரூபாச் சாமானுக்கு 100 ரூபாத் தாளை வாங்கிவிட்டு, மிச்சத்தை விரல்விட்டு எண்ணி, சரியோ என்று பக்கத்துச் சாக்குக்காரியின் முகத்தைப் பார்க்கிறாளே, அந்தக் கணக்குக்குக் கரும்பலகையில் எத்தனை நாள் வேண்டும்? ஒரு நிபந்தனை மட்டும். தாய்மார் சாக்குக்குப் பின்னால் குந்தக்கூடாது. அவர்கள் குந்தினால் தாய்மார்தான் விற்பார்கள், பிள்ளை ஐஸ்கிறீம் வாங்க ஓடிவிடும்.

விழா என்றால் விருந்தினர் பிந்துவதையும் சொல்லவேண்டும். பாண்ட் வாத்தியப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவைத்துவிட்டுப் பிரதம விருந்தினருக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது பாவம். சொன்ன நேரத்துக்கு விளக்கேற்றித் தொடங்கிவிடுங்கள். வருகிறவர் வந்து சேரட்டும்.

உரும்பிராயிலிருந்து ஒரு தகப்பன்: பெற்றோரிடம் எவ்வளவு காசு கேட்கலாம்? தராவிட்டால் என்ன செய்வது?

சங்கத்துக்குச் சந்தா உண்டு. அதற்கு மேல் தருவது அவரவர் விருப்பம். தராதவரின் பிள்ளையை வகுப்பில் எழுப்பி விடுவது, பெயரை அறிவித்தல் பலகையில் போடுவது, தேர்ச்சி அறிக்கையைப் பிடித்துவைப்பது எல்லாம் கூடவே கூடாது. முதலாம் தர அனுமதிக்குப் பணம் வாங்குவது தடை. அதில் மாட்டி இலஞ்ச ஆணைக்குழு கைது செய்த அதிபர்களின் செய்தி நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 'அன்பளிப்பு' என்று பற்றுச்சீட்டு எழுதினாலும் அனுமதியோடு முடிச்சுப் போட்டால் அது அன்பளிப்பு இல்லை.

காசு தர முடியாதவர் வேறு விதமாகத் தருவார். மேசன் ஒரு சனிக்கிழமை தருவார். தோட்டக்காரர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து மைதானத்தை ஒரு தட்டுத் தட்டிவிடுவார். அவற்றையும் கணக்கறிக்கையில் பெயரோடு போடுங்கள். 5,000 ரூபா தந்தவருக்கு இருக்கும் மரியாதை அவருக்கும் வரவேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒருவர் இறந்தால் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிப்பார்கள், ஆண்டுத் திவசத்துக்கு அன்னதானம் கொடுப்பார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், அம்மாவின் நினைவாக வாசிப்பு மூலைக்குப் புத்தகம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேவையான புத்தகங்களின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் சுவர்க்கடிகாரம்தான் வரும். எங்கள் பாடசாலைகளில் இல்லாத கடிகாரமா!

ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர்: நாங்கள் சிலர் சேர்ந்து படித்த பள்ளிக்கு ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுக்க இருக்கிறோம். எதைக் கவனிக்கவேண்டும்?

தம்பி, நல்ல மனம். ஆனால் வாங்குவதற்கு முன் சங்கத்திடம் கேட்டீர்களா? பள்ளிக்கூடத்தின் தேவைகளை முன்னுரிமைப்படி எழுதி, அதிபரும் செயலாளரும் கையொப்பமிட்ட கடிதத்தை முதலில் கேட்டு எடுங்கள். அதில் ஸ்மார்ட் போர்ட் ஆறாவது இடத்தில் இருந்தால் முதலாவதைச் செய்யுங்கள்.

சரி, ஸ்மார்ட் போர்ட்தான் என்று முடிவாகிவிட்டது என்று வைப்போம். உங்கள் காலத்துக் கட்டடம்தானே இன்னும் நிற்கிறது? அந்த வகுப்பறைக்கு மின்விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட வயரிங்தான் இருக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியா என்று பாருங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும், மாரியில் இடி விழும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் பூட்டினால் முதல் இடியோடு முடிந்தது. அரைச்சுவர் வகுப்பறை என்றால் பகலில் திரையில் ஒன்றும் தெரியாது, சோளகக் காற்றுக் காலத்தில் தூசி முழுக்க உள்ளே. திரைச்சீலை, கதவு, பூட்டு எல்லாம் செலவுக் கணக்கில் வரவேண்டும்.

அதையெல்லாம் செய்தபிறகும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பழுதாகினால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அறையைப் பூட்டித் திறப்பை அலுமாரியில் வைத்துவிடுவார்கள். நாடா வெட்டிய அன்று எடுத்த படத்தில் மட்டும் வேலை செய்யும் பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே சேர்த்த காசு முழுவதையும் பொருளில் போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கென்று சங்கக் கணக்கில் தனியாக வைக்கச் சொல்லுங்கள். பொருளைப் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு வராதீர்கள். அவருக்கு இடமாற்றம் வந்தால் பலகையும் ஓய்வு பெற்றுவிடும்.

என் சொந்த அபிப்பிராயம்: 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு, பென் டிரைவ் செருகக்கூடிய பெரிய டீவி ஒன்றும், நல்ல ஸ்பீக்கர் ஒன்றும், மை நிரப்பும் பிரின்டர் ஒன்றும் ஸ்மார்ட் போர்டைவிடக் கூடுதலாகப் பாவனையில் இருக்கும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. எடுக்கக்கூடியதை வீட்டில் எடுத்து வந்தால் வகுப்பில் இணையம் தேவையில்லை.

இன்னொன்று. உபகாரிகளின் பெயர் போட்ட பதாகை பலகையைவிடப் பெரிதாக இருக்கவேண்டாம்.

கொடிகாமத்திலிருந்து ஓர் ஆசிரியர்: வீட்டில் போனில் அடித்த வினாத்தாள் பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில் வேறு மாதிரி வருகிறது. பழைய தாள்கள் போனில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்து. என்ன கோளாறு?

கோளாறு இல்லை, பாமினி. எங்கள் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் காலங்காலமாகப் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு. அது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். உங்கள் போன் எழுதுவது யுனிகோட்டில், அதாவது தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள முறையில். பழைய தாள்களை இணையத்திலுள்ள மாற்றியில் போட்டு மாற்றுங்கள், கொம்பு (ெ), அரவு (ா) ஒருமுறை சரிபாருங்கள். இனி அடிப்பவற்றை யுனிகோட்டில் அடியுங்கள். பாமினி விசை முறையிலேயே யுனிகோட் அடிக்கும் மென்பொருட்கள் இருப்பதால் விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

நெடுந்தீவிலிருந்து ஒரு தாய்: எங்கள் பாடசாலையில் பிள்ளைகளே கொஞ்சம். சங்கம் வைத்து என்ன பயன்?

கொஞ்சப் பிள்ளைகள் என்றால் எல்லாப் பெற்றோரையும் ஒரு வகுப்பறையில் இருத்தலாம். பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பக்கத்துப் பாடசாலையோடு சேர்ந்து விளையாட்டுப் போட்டியையும் சந்தையையும் நடத்துங்கள். பொருள் வாங்கும்போது மட்டும் ஒன்று: பழுதானால் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேற்றி அனுப்பவேண்டும், திருத்துபவரும் படகில்தான் வரவேண்டும். ஆகவே உங்கள் ஊர்ப் பெடியனே கழற்றிப் பூட்டக்கூடியதாக வாங்குங்கள். உப்புக் காற்று இரும்பையும் மின்சுற்றையும் சும்மா விடாது, பாவிக்காத நேரம் மூடி வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: கணக்குக் கேட்டால் "எங்களில் நம்பிக்கை இல்லையோ" என்று கோபிக்கிறார்கள்.

ஆளைக் கேட்காதீர்கள், நடைமுறையைக் கேளுங்கள். "ஒவ்வொரு தவணை முடிவிலும் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி அறிவித்தல் பலகையில் போடுவோம்" என்று பொதுக்கூட்டத்தில் பிரேரணை கொண்டுவாருங்கள், ஒருவர் வழிமொழியட்டும், கூட்டக் குறிப்பில் ஏறட்டும். நேர்மையான பொருளாளருக்கு அது பெரிய நிம்மதி. காசைக் கையில் வைத்திருக்கவிடாமல் வங்கியில் போடுவதும் அவரைக் காப்பாற்றத்தான்.

பல பேர் கேட்டது: கூட்டத்துக்கு ஆட்கள் வருவதில்லை, வந்தாலும் தாய்மார் மட்டும்தான்.

பள்ளி விடுகிற 1.30க்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போகிற தகப்பன் எப்படி வருவார்? அன்றைய சம்பளம் போய்விடும். வெள்ளி பின்னேரம் கோயில், ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் பூசையும். சனி பின்னேரம் நாலு மணிக்கு வைத்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலத்தில் முடியுங்கள். அழைப்புக் கடிதத்தில் என்ன முடிவெடுக்கப் போகிறோம் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் போன் தகப்பனோடு கடலுக்குப் போயிருக்கும். பிள்ளையின் கொப்பியில் ஒரு துண்டு ஒட்டி அனுப்புங்கள்.