கேரட்டும் ஐவியும் ஒரே துறையில் வந்தது எப்படி?

கேள்வி: "தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மகளின் பாடத்துக்காகத் தேடியபோது கேரட், ஐவிக் கொடி, வல்லாரை எல்லாம் ஒரே ஆர்டர் என்று கண்டேன். கிழங்குக்கும் சுவரேறும் கொடிக்கும் என்ன உறவு?"

பள்ளிப் புத்தகத்தில் ஆர்டரைத் 'துறை' என்பார்கள். இந்தத் துறையின் பெயர் ஏபியேல்ஸ். உறவைப் பார்க்க வேரையும் கொடியையும் விட்டுவிட்டுப் பூவுக்கும் காய்க்கும் வாருங்கள். முதிர்ந்த ஐவி பூக்கும்போது ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள் போலக் காம்புகள் பிரியும். கேரட்டைப் பிடுங்காமல் விட்டால் அதுவும் குடை விரிக்கும், குடைக்குள் குட்டிக் குடைகளாக. இரண்டிலும் ஐந்து இதழ், ஐந்து மகரந்தத்தாள், இதழ்களுக்குக் கீழே, பின்னர் காயாக மாறும் சூற்பை. செடிக்குள்ளே எண்ணெயோ பிசினோ ஓடும் குழாய்களும் உண்டு. இதே துறையைச் சேர்ந்த ஃபெருலா செடியின் வேரைக் கீறிப் பெருங்காயம் எடுப்பது அந்தக் குழாய்களிலிருந்துதான்.

காயில்தான் பிரிகின்றன. ஐவியின் காய் சதைப்பற்றுள்ள கருப்பு உருண்டை. கேரட் குடும்பத்தில் காய் உலர்ந்து இரண்டாகப் பிளக்கும். விதை என்று நாம் வாங்கும் தனியா, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாமே உண்மையில் காய்கள்தான். கொத்தவால் சாவடிப் பக்கம் போனால் காம்பு ஒட்டிய பெரிய சோம்பாகப் பார்த்து வாங்கி, மகளுக்குக் காட்டுங்கள். நகத்தால் நெம்பினால் இரண்டு பாதி, நடுவில் மயிரிழை போன்ற கவட்டைக் காம்பு. ஒவ்வொரு பாதியின் முதுகிலும் ஐந்து வரிகள். குறுக்கே பிளேடால் சீவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: வரிகளுக்கு இடையே நான்கு, தட்டைப் பக்கம் இரண்டு என ஆறு பழுப்புப் புள்ளிகள் தெரியும். எண்ணெய்க் குழாய்கள் அவைதான். காய்ந்ததை அப்படியே சீவினால் நொறுங்கிவிடும். அரைமணி நேரம் வெந்நீரில் ஊறட்டும்.

தனியாவில் பாதிகள் தானாகப் பிரியாது. அதனால்தான் விதைக்கும் முன் சப்பாத்திக் கட்டையால் உருட்டிப் பிளக்கிறோம். பலமாக அழுத்தினால் கரு நசுங்கி முளைக்காது. பச்சைக் காயில் மூட்டைப்பூச்சி வாடை அடிக்கும். முற்றும்போது வெளிப்புறக் குழாய்கள் வற்றி உள்பக்கக் குழாய்கள் மட்டும் மிஞ்சுவதால் மணம் மாறிவிடுகிறது.

இனி வகைப்பாடு. 1981-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் குரோன்குவிஸ்ட் வகுத்த முறையில் இத்துறைக்குக் கேரட் குடும்பமான ஏபியேசி, ஐவி குடும்பமான அரேலியேசி என இரண்டே குடும்பங்கள். சூற்பை இதழ்களுக்கு மேலே இருக்கும் பிட்டோஸ்போரேசி என்ற குடும்பம் ரோஜாவின் துறையில் கிடந்தது. டிஎன்ஏ ஒப்பீடு வந்ததும் அது இங்கே வந்து சேர்ந்தது. நீலகிரிச் சோலைகளில் வளரும் பிட்டோஸ்போரம் மரங்கள் அந்தக் குடும்பம்தான். இப்போது மொத்தம் ஏழு குடும்பங்கள். ஐவி குடும்பத்திலிருந்து கேரட் குடும்பம் கிளைத்தது என்ற பழைய கருத்தும் நிற்கவில்லை. இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து தனித்தனியே பிரிந்தவை. துறையின் பழங்கிளைகளான பென்னான்ஷியா, கிரிசெலினியா இரண்டும் நியூசிலாந்திலும் வளர்வதால், தொடக்கம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் ஆஸ்திரேலியாவை ஒட்டிய நிலங்களில் என்று கணிக்கிறார்கள்.

வல்லாரையின் கதைதான் இதில் எல்லாவற்றையும் விட அழகு. 1753-ல் லின்னேயஸ் அதை ஹைட்ரோகோட்டைல் என்ற பேரினத்தில் (குடும்பத்துக்குள் அடங்கும் சிறு பிரிவு) வைத்தார். 1879-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் உர்பன் அதை சென்டெல்லா என்ற பேரினத்துக்கு மாற்றினார். அப்போதும் இரண்டும் கேரட் குடும்பத்திலேயே, ஒரே துணைக்குடும்பமாக இருந்தன. டிஎன்ஏ பார்த்த பிறகு வல்லாரை மட்டும் அங்கே தங்க, ஹைட்ரோகோட்டைல் ஐவி குடும்பத்துக்குப் போய்விட்டது. எதிர்த்திசையில் மக்கின்லேயா என்ற பேரினம் ஐவி குடும்பத்திலிருந்து வந்து வல்லாரையோடு சேர்ந்தது. வெளித்தோற்றத்தை நம்பி வகுத்ததால் வந்த குழப்பம் இது.

பெயரிலும் கவனம் வேண்டும். மணிபிளான்ட் அரேசி, அரேலியேசி அல்ல. 'ஐவி கார்டு' எனப்படும் கோவைக்காய் பூசணிக் குடும்பம். கருஞ்சீரகத்துக்கும் கற்பூரவல்லிக்கும் இத்துறையில் இடமில்லை. ஐவிக்குச் சென்னை வெயில் ஆகாது. நர்சரியில் தொட்டிச் செடியாகக் கிடைக்கும் ஷெஃப்லெராவைக் காட்டுங்கள், அதுவும் ஐவி குடும்பம்தான்.

கொளத்தூர் வண்ணமீன் கடைப் பக்கம் பென்னிவொர்ட் என்று வட்ட இலைச் செடி கண்ணில் பட்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு நடுவில் குடைக்கம்பு போல ஒட்டியிருந்தால் ஹைட்ரோகோட்டைல். வல்லாரையில் இலை ஓரம் உள்வாங்கிய பிளவில்தான் காம்பு சேரும். மீன்தொட்டிக்கு வளர்த்ததை வல்லாரை என்று துவையல் அரைக்க வேண்டாம்.