தாக்கல் வராத நாள்களும் படபடக்கும் நெஞ்சும்

கேள்வி: என் வயது 24. சோமனூர் பக்கம் ஒரு சிற்றூர். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். நான் இயந்திரப் பொறியியல் படித்திருக்கிறேன். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வில் நன்றாகப் பதில் சொன்னேன். பத்து நாளில் முடிவு சொல்வதாகக் கூறினார்கள். இன்றோடு 23 நாள்கள் ஆகின்றன, தாக்கல் (தகவல்) எதுவும் வரவில்லை. அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. சாப்பிட்டதும் வயிறு கலக்குகிறது. இது இதய நோயா? நண்பன் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறான், போடலாமா?

பதில்: முதலில் இதயத்தைப் பற்றிய உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். இந்த வயதில், வேலையை நினைக்கும்போது தொடங்கி, வேறு ஒன்றில் மனம் போனதும் அடங்கிவிடும் படபடப்பு பெரும்பாலும் இதய நோயாக இருப்பதில்லை. ஆனாலும் கடிதத்தை மட்டும் வைத்து அதை முடிவு செய்வது முறையல்ல. சூலூரிலோ பல்லடத்திலோ உள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு, ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பும், தூக்கமின்மையும், வயிற்றுப்போக்கும் வரும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் அந்த முடிவை நம்புங்கள். சந்தேகம் தீரவில்லை என்று வாரத்துக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுப்பவர்களுக்குப் பயம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஓடும்போதோ பளு தூக்கும்போதோ மயக்கம் வந்தாலும், நெஞ்சுவலி இடது கைக்குப் பரவினாலும் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இது ஏன் வருகிறது என்பதை உங்கள் வீட்டையே வைத்து விளக்கலாம். தறி ஓடும் சத்தத்தில் குழந்தைகூட நன்றாகத் தூங்கும். மின்சாரம் போய்த் தறி நின்றதும் வீடே விழித்துக்கொள்ளும். எதிர்பார்த்த சத்தம் வராதபோதுதான் மூளை காவலுக்கு எழுகிறது. உங்களுக்கு வரவேண்டிய தகவல் வரவில்லை. அதனால் சொன்ன பத்து நாள் கடந்த பிறகு, உங்கள் மூளை 13 நாள்களாகக் கண்மூடாமல் காவல் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 45 பேரைக் கணினி விளையாட்டு ஒன்றை ஆடவைத்து, அதில் புரட்டும் பாறைக்கு அடியில் பாம்பு இருந்தால் கையில் லேசான மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமா வராதா என்பது சரிபாதியாக இருந்தபோதுதான் அவர்களுடைய பதற்றம் உச்சத்தில் இருந்தது. வேலை இல்லை என்ற பதிலைவிடப் பதிலே இல்லாதது உங்களை வாட்டுவதும் அதனால்தான். அதைப் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் காவல் நிலையில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை வேகமாக அடிக்கவைக்கிறது. அதே பதற்றம் பெருங்குடலையும் முடுக்கிவிடுகிறது. பின்னிரவில் இயல்பாகவே உயரத் தொடங்கும் கார்டிசால் என்ற ஹார்மோன், ஏற்கெனவே விழிப்பாக இருக்கும் மனத்தை மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது.

இனிச் செய்ய வேண்டியவை. அண்மையில் என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சிறிது நேரத்துக்குள், மடியில் கவிழ்த்து வைத்திருந்த கைபேசியை அவர் நான்கு முறை திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு நொடி ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே அடுத்த முறை பார்க்கத் தூண்டுகிறது. ஆகவே மின்னஞ்சலைக் காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மட்டும் பாருங்கள். அழைப்பு வந்தால் மணி ஒலிக்கட்டும். மற்ற அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். இரவில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

சொன்ன நாள் கடந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது என்பதால், முடிவு எப்போது தெரியும் என்று நான்கு வரியில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். அதில் தவறே இல்லை. ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பில் இருப்பது போன்ற சாதாரணக் காரணங்களாலும் முடிவுகள் தள்ளிப்போகின்றன. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை தொலைபேசியில் கேளுங்கள். அதற்குப் பிறகு நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து, அன்றோடு இந்த வேலைக்காகக் காத்திருப்பது முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் வாரத்துக்கு இரண்டு நிறுவனங்களுக்காவது விண்ணப்பம் போட வேண்டும். இதையும் நான் மருந்தாகவே எழுதித் தருகிறேன், ஏனென்றால் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை உடம்பு ஓயாது.

கவலையே படக்கூடாது என்று மனத்தை அடக்காதீர்கள். வழக்கறிஞர் தேர்வு எழுதி நான்கு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த கலிபோர்னியச் சட்டப் பட்டதாரிகளை ஆராய்ந்த உளவியலாளர் கேட் ஸ்வீனி, கவலையை அடக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரிதாகப் பலன் தரவில்லை என்று கண்டார். மாறாக, மாலையில் அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, ஒரே இடத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால் மாலைக்குத் தள்ளிப்போடுங்கள். 1983ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து பார்க்கப்பட்ட முறை இது. கையும் கண்ணும் மனமும் ஒன்றாக ஈடுபடும் வேலையும் உதவும். உங்கள் அப்பாவுக்குப் பாவு (தறியின் நெடுக்கு நூல்) பிணைத்துக் கொடுத்துப் பாருங்கள். இழை இழையாக எடுத்து முடியும்போது வேறு நினைவுக்கு இடமிருக்காது.

விழிப்பு வந்து இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடத்தில் துடிப்பு தணிவது தெரியும். தறிக்குடோன் (தறிகள் ஓடும் கொட்டகை) பக்கத்தில் தேநீருக்குக் கணக்கே இருப்பதில்லை என்பதை நான் அறிவேன். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும் என்பதால், மதியம் இரண்டு மணிக்கு மேல் தேநீர் வேண்டாம்.

நண்பர் சொல்லும் மாத்திரையைப் போடாதீர்கள். அது பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் வகையாக இருந்தால், மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. சில வாரங்களிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்னைவிடக் கூடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் புரொபரனலால் என்றால், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலையே உண்டாக்கிவிடும்.

ஒன்றை உங்கள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். "ஏங் கண்ணு, தாக்கல் ஏதாச்சும் வந்துச்சா?" என்று அக்கம்பக்கத்தார் அன்பாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு கேள்வியும் உங்களைப் புதிதாகக் குத்துகிறது. "வந்தா நாங்களே சொல்றோமுங்க" என்று அம்மாவே பதில் சொல்லிவிடட்டும்.

இவற்றையெல்லாம் செய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் சாப்பிடவோ தூங்கவோ வெளியே போகவோ முடியாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலை கிடைத்த பிறகும் படபடப்பு தொடர்ந்தாலும் அப்படியே. டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்பா இரவு ஷிப்டில் இருந்தாலும் தறிக்குடோனுக்கே போய், தறியை நிறுத்தச் சொல்லி, அவரிடம் அதைச் சொல்லுங்கள்.