யூரின் கல்ச்சர் நார்மல், ஆனா வலி போகல... யூரோடைனமிக் டெஸ்ட் எடுக்கணுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயசு. ரெண்டு வருஷமா யூரின் நிறைய நிறைய அடிவயித்துல வலி, போயிட்டு வந்தா கொஞ்சம் அடங்குது. ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறேன். கல்ச்சர்ல கிருமி இல்ல. இப்ப யூரோடைனமிக் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க, பயமா இருக்கு.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கல்ச்சர் நார்மல்னா உங்க வலி பொய்னு அர்த்தம் இல்லம்மா, யாரு சொன்னாலும் நம்பாதீங்க. பிளாடர் பெயின் சிண்ட்ரோம்னு ஒண்ணு, அதாவது கிருமி இல்லாமலே மூத்திரப்பையில வலி வர்றது, நெஜமாவே இருக்கு. அதைக் கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் கட்டாயம் இல்ல. யூரின் கசிவு, சரியா காலியாகாதது, இல்ல வேற பிரச்சனையோன்னு சந்தேகம் இருந்தா உதவும், அதனால எதுக்குன்னு உங்க டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க.

இந்த டெஸ்ட்ல மெல்லிசான ட்யூப் ஒண்ண மூத்திரப்பைக்குள்ள விட்டு, வயித்து அழுத்தத்தைத் தனியா பாக்க மலக்குடல்ல இன்னொண்ணு வச்சு, சலைனை மெதுவா ஏத்துவாங்க, எப்ப முட்டுது எப்ப வலிக்குதுன்னு நீங்க சொல்லச் சொல்ல ஸ்க்ரீன்ல கோடு ஓடும். சாதாரணமா 400, 500 மில்லி தாங்கும், இந்த வலி உள்ளவங்க பலபேர் அதுக்கு ரொம்ப முன்னாடியே போதும்பாங்க. அப்ப பை தானா சுருங்குதுன்னா அது ஓவர் ஆக்டிவ் பிளாடர், மருந்தே வேற. உங்களுக்கு வலி கூடுதலா தெரியலாம், தாங்கலன்னா நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்திடுவாங்க. அப்புறம் ஒருநாள் யூரின் போறப்ப எரியலாம், நல்லா தண்ணி குடிங்க, காய்ச்சல் வந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி மூணு நாள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போறீங்கன்னு அளந்து நோட்டுல எழுதிக் கொண்டுபோங்க.