பிரீசெட் எல்லாம் எங்கே போச்சு? – ஒளிப்படக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரீசெட் பற்றியவை, அதாவது ஒரு படத்துக்கான திருத்தங்களைச் சேமித்து ஒரே சொடுக்கில் வேறு படங்களுக்கும் போட உதவும் தொகுப்பு பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். வேறு மென்பொருளின் பெயர் சொல்லாத இடங்களில் எல்லாம் பேசுவது அடோபியின் படத் திருத்த மென்பொருளான, கணினியில் ஓடும் லைட்ரூம் கிளாசிக் பற்றி.

கே: கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம். கேட்டலாக் வேறு டிரைவில் இருந்ததால் தப்பித்தது. திறந்து பார்த்தால் படங்களும் திருத்தங்களும் அப்படியே இருக்கின்றன, பிரீசெட் மட்டும் ஒன்றுகூட இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் கையில் இருக்கிறது. அதில் எங்கே தேடுவது? – ஒரு ஸ்டுடியோ உரிமையாளர், தஞ்சாவூர்

ப: கேட்டலாகுக்குள் பிரீசெட் கிடையாது. கேட்டலாக் என்பது லைட்ரூமின் பதிவேடு. ஒரு படத்தில் எந்த ஸ்லைடர் எந்த எண்ணில் நிற்கிறது என்பது போன்ற, படங்களைப் பற்றிய விவரங்களைத்தான் அது வைத்துக்கொள்ளும். உங்கள் திருத்தங்கள் தப்பியது அதனால்தான். மூடும்போது லைட்ரூம் கேட்கிறதே ஒரு பேக்கப், அதிலும் பிரீசெட் சேராது. இது தெரியாமல் வருடக்கணக்கில் பேக்கப் எடுத்து வைத்து நம்பியிருப்பவர்கள் நிறைய.

பிரீசெட் ஒவ்வொன்றும் தனித்தனி எக்ஸ்எம்பி (.xmp) ஃபைல். பழைய டிஸ்கில் யூசர்ஸ், உங்கள் பயனர் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, கேமராரா, செட்டிங்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தென்படும். மேக் வைத்திருப்பவர்கள் ஃபைண்டரில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு கோ மெனுவைத் திறந்தால் லைப்ரரி என்று ஒரு வரி கூடுதலாகத் தெரியும். அதற்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், அடோபி, கேமராரா, செட்டிங்ஸ்.

அங்கே காலியாக இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, நீங்கள் ஓட்டியது பழைய பதிப்பு. 2018 ஏப்ரலில் வந்த 7.3 பதிப்புக்கு முன்பு பிரீசெட்டுகள் எல்ஆர்டெம்ப்ளேட் (.lrtemplate) என்ற வேறு வகை ஃபைலாக இருந்தன. அவை ரோமிங், அடோபி, லைட்ரூம், டெவலப் பிரீசெட்ஸ் என்ற ஃபோல்டரில் கிடக்கும். இரண்டாவது, பிரிஃபரன்சஸில் பிரீசெட்ஸ் பக்கத்தில் 'ஸ்டோர் பிரீசெட்ஸ் வித் திஸ் கேட்டலாக்' என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கலாம். அப்படியானால் கேட்டலாக் ஃபைலுக்குப் பக்கத்திலேயே லைட்ரூம் செட்டிங்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், எல்லாம் அதற்குள் இருக்கும். இந்த டிக் பலரைக் கலங்கடிக்கும். அதைப் போட்டாலோ எடுத்தாலோ லைட்ரூம் பார்க்கும் இடம்தான் மாறும், ஏற்கெனவே இருக்கும் பிரீசெட்டுகள் கூடவே நகராது. தவறுதலாக ஒரு கிளிக், அவ்வளவுதான், பேனல் காலி. டிக்கைப் பழையபடி மாற்றி லைட்ரூமை மூடித் திறந்தால் திரும்பி வந்துவிடும். ஒரே கேட்டலாக் வைத்திருப்பவர் அந்தக் கட்டத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

புதிய கணினியில் சரியான ஃபோல்டரைக் கண்டுபிடிக்க இவ்வளவு அலைய வேண்டாம். கண்ட்ரோல் விசையோடு காற்புள்ளி விசையை அழுத்தினால் பிரிஃபரன்சஸ் திறக்கும். பிரீசெட்ஸ் பக்கத்தில் 'ஷோ லைட்ரூம் டெவலப் பிரீசெட்ஸ்' என்ற பொத்தான் இருக்கிறது, அது நேராக அங்கே கொண்டுபோய் விடும். லைட்ரூமை மூடிவிட்டு, பழைய எக்ஸ்எம்பி ஃபைல்களை அந்த செட்டிங்ஸ் ஃபோல்டரில் ஒட்டி, மறுபடி திறங்கள். எல்ஆர்டெம்ப்ளேட் ஃபைல்களை அப்படி ஒட்டாதீர்கள். பிரீசெட்ஸ் பேனலின் கூட்டல் குறியில் இம்போர்ட் பிரீசெட்ஸ் வழியாகக் கொடுங்கள், அதுவே புதிய வகைக்கு மாற்றிக்கொள்ளும்.

பழைய டிஸ்க் கையில் இருக்கும்போதே இன்னும் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கேமராபுரொஃபைல்ஸ் ஃபோல்டர் ஒன்று. வாட்டர்மார்க், எக்ஸ்போர்ட் பிரீசெட், ஃபைல் பெயர் வைக்கும் டெம்ப்ளேட் எல்லாம் கிடக்கும் ரோமிங், அடோபி, லைட்ரூம் ஃபோல்டர் இன்னொன்று. ஸ்டுடியோ வாட்டர்மார்க்கைத் திரும்பச் செய்வது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது உங்களுக்கே தெரியும்.

டிஸ்க் முழுதாகப் போனவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அந்த பிரீசெட் போட்ட பழைய படம் ஒன்றை, திருத்தம் செய்யும் பக்கமான டெவலப்பில் திறந்து, இடப்பக்கம் ஹிஸ்டரியைப் பாருங்கள். பிரீசெட் என்ற சொல்லும் அதன் பெயரும் உள்ள வரி இருக்கும். அதைச் சொடுக்கினால் படம் அந்தக் கட்டத்துக்குப் போகும். அங்கிருந்து கூட்டல் குறி, கிரியேட் பிரீசெட். அதற்கு முன்பே கையால் மாற்றியவையும் சேர்ந்து வரும் என்பதால், கட்டங்களைப் பார்த்து வேண்டாதவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் ஹிஸ்டரியின் மேல் வரியைச் சொடுக்கிப் படத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்க வேண்டாம்.

கே: காசு கொடுத்து வாங்கிய பிரீசெட் தொகுப்பு. இம்போர்ட் ஆனதாகச் சொல்கிறது. சில படங்களில் குரூப் தெரிகிறது, சில படங்களில் பாதி காணவில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்குமா? – கல்லூரி மாணவி, மதுரை

ப: ஃபைல் நன்றாகவே இருக்கும். தெரியாத படங்கள் ஜேபெக்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். ரா ஃபைலுக்கு (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதிவது) மட்டுமே உள்ள புரொஃபைலை, அதாவது படத்தின் அடிப்படை நிறத்தை முடிவு செய்யும் அமைப்பை, நம்பி ஒரு பிரீசெட் செய்யப்பட்டிருந்தால், ஜேபெக்கைத் திறக்கும்போது லைட்ரூம் அதை ஒளித்துவிடும். ஒரு குறிப்பிட்ட கேமராவின் புரொஃபைலைச் சார்ந்திருந்தால் வேறு கேமராவின் ராவிலும் இதே கதை. பிரிஃபரன்சஸில் பிரீசெட்ஸ் பக்கத்தில் 'ஷோ பார்ஷியலி கம்பாட்டிபிள் டெவலப் பிரீசெட்ஸ்' என்பதில் டிக் போட்டால் அவை சாய்ந்த எழுத்தில் தெரியும். போட்டுப் பார்க்கலாம், ஆனால் விற்றவர் காட்டிய நிறம் அப்படியே வராது.

தொகுப்போடு தனியாகப் புரொஃபைல் ஃபைல்கள் வந்திருந்தால் முதலில் அவற்றை ஏற்றுங்கள். பேசிக் பேனலில் புரொஃபைல் பிரவுசரைத் திறந்து, அங்குள்ள கூட்டல் குறியில் இம்போர்ட் புரொஃபைல்ஸ். குரூப் எந்தப் படத்திலுமே தெரியவில்லை என்றால், பிரீசெட்ஸ் பேனலின் கூட்டல் குறியில் மேனேஜ் பிரீசெட்ஸைத் திறந்து அந்தக் குரூப்பின் டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஏழெட்டு வருடமாகச் சேர்த்தது, நூற்றுக்கணக்கில் பிரீசெட். தேவையானதைத் தேடுவதற்குள் பொழுது போய்விடுகிறது. செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள் போய்த் தனித்தனி ஃபோல்டர் போட்டுப் பிரித்து வைத்தேன். லைட்ரூமில் எந்த மாற்றமும் இல்லை. ஏன்? – கல்யாண ஒளிப்படக்காரர், திருப்பூர்

ப: குரூப்பின் பெயர் எக்ஸ்எம்பி ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும். நோட்பேடில் ஒன்றைத் திறந்து பார்த்தால் குரூப் என்ற வரி கண்ணில் படும். அங்கே பெயர் இருந்தால், ஃபைலை எந்த ஃபோல்டரில் வைத்தாலும் லைட்ரூம் அந்தப் பெயரின் கீழேதான் காட்டும். அதனால் பிரிக்கும் வேலையை லைட்ரூமுக்குள்ளேயே செய்யுங்கள். பிரீசெட் மேல் வலது கிளிக், மூவ், பிறகு இருக்கும் குரூப்பையோ புதிய குரூப்பையோ தேர்ந்தெடுங்கள். குரூப்புக்குள் இன்னொரு குரூப் வைக்க முடியாது, ஒரே அடுக்குதான். எந்த பிரீசெட் எந்த ஃபைல் என்று தெரிய வேண்டுமானால் அதே வலது கிளிக்கில் 'ஷோ இன் எக்ஸ்புளோரர்' இருக்கிறது.

இப்போது எப்படிப் பிரிப்பது என்பது. விற்றவர் வைத்த பெயரில் வைத்திருந்தால் எத்தனை வருடமானாலும் தேடிக்கொண்டே இருப்பீர்கள். 'மூடி', 'ட்ரீமி' என்ற பெயரைப் பார்த்து எந்தப் படத்துக்குப் போடுவது? படம் எடுத்த வெளிச்சத்தை வைத்துப் பிரியுங்கள். கல்யாண வேலைக்கு '01 மண்டபம் மஞ்சள் விளக்கு', '02 ரிசப்ஷன் எல்இடி', '03 ஃபிளாஷ்', '04 வெளியே காலை மாலை', '05 வெளியே உச்சி வெயில்', '06 கருப்பு வெள்ளை' என்று ஆறு குரூப் போதும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டால் வரிசை குழம்பாது. நாய்ஸ் குறைப்பது, ஷார்ப் செய்வது, லென்ஸ் திருத்தம் என்று ஒரே வேலை செய்யும் சின்ன பிரீசெட்டுகளைக் கலர் பிரீசெட்டுகளோடு கலக்காமல் '90 கருவிகள்' என்று கடைசியில் வையுங்கள். தினமும் தொடுகிற நாலைந்தை வலது கிளிக் செய்து ஃபேவரிட்ஸில் சேர்த்துவிட்டால் அவை தனிக் குரூப்பாகவும் தெரியும்.

அதற்கு முன் கழித்துக்கட்டும் வேலை. உங்கள் சொந்த ரா படங்களில் ஐந்தாறைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கருத்த முகம், சிவந்த முகம், அரக்குப் பட்டு, வெள்ளை வேட்டி சட்டை, நகையும் தாலிக் கயிறும் அருகில் தெரியும் படம், இரவில் எடுத்தது ஒன்று. பிரீசெட் பெயர் மேல் மவுஸை வைத்தாலே படத்தில் முன்னோட்டம் தெரியும். தெரியவில்லையென்றால் பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அந்த வசதியை யாரோ அணைத்திருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு இடம். ஒன்று தோல். வெளுத்த தோலை மனதில் வைத்துச் செய்த பிரீசெட்டுகள் பலவற்றில் ஆரஞ்சின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தி) குறைத்து லூமினன்ஸை (பிரகாசம்) ஏற்றியிருப்பார்கள். நம் மாநிறத்தில் அது சாம்பல் பூசியது போல விழும். இரண்டாவது மஞ்சள். பச்சைக்குப் பழுப்புச் சாயல் கொடுப்பதற்காக மஞ்சளின் ஹியூவை (நிறச் சாயல்) ஆரஞ்சுப் பக்கம் தள்ளியிருந்தால், தாலிக் கயிறும் தங்கமும் செம்புபோல ஆகிவிடும். கல்யாண ஆல்பத்தில் இதைப் பெண் வீட்டார் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கலர் மிக்சர் பேனலில் (பழைய பதிப்புகளில் அதன் பெயர் ஹெச்எஸ்எல்) ஆரஞ்சு, மஞ்சள் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். சரியாகிவிட்டால் பிரீசெட்டை வலது கிளிக் செய்து 'அப்டேட் வித் கரன்ட் செட்டிங்ஸ்'. அப்போதும் தேறாததை '99 பழையவை' குரூப்புக்கு அனுப்புங்கள். அந்தக் குரூப்பின் பெயர் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் குரூப் கொடுத்தால் ஒரே ஜிப் ஃபைலாக வந்துவிடும். அதை வேறு டிரைவில் போட்டுவிட்டு, பிறகு மேனேஜ் பிரீசெட்ஸில் குரூப்பை மறையுங்கள். அடுத்த சீசன் முடியும்வரை யாரும் தேடவில்லையென்றால் தயங்காமல் அழிக்கலாம்.

கே: ஒரு மண்டபத்தில் அருமையாக வந்த பிரீசெட் அடுத்த மண்டபத்தில் எல்லாரையும் ஆரஞ்சாக்கிவிடுகிறது. – சேலம்

ப: அந்த பிரீசெட்டுக்குள் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தைச் சரிசெய்யும் அளவு, உட்கார்ந்திருக்கிறது. ராவில் அது கெல்வின் எண்ணாகவே (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) பதியும். 5500 என்று பதிந்ததை 3200 அளவில் இருக்கும் மஞ்சள் விளக்கு மண்டபத்தில் போட்டால் ஆரஞ்சாகத்தான் வரும். பிரீசெட் உருவாக்கும்போது ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், கிராப், டிரான்ஸ்ஃபார்ம், மாஸ்க் ஆகியவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். இவை ஒவ்வொரு படத்துக்கும் மாறுபவை, பிரீசெட்டில் இருக்கக் கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல். டிக் இல்லாத ஸ்லைடரை பிரீசெட் தொடவே தொடாது. அதனால் ஒரு பிரீசெட்டைப் போட்டுப் பிடிக்காமல் அதன்மேல் இன்னொன்றைப் போட்டால், முதலாவதின் மிச்சம் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே பிரீசெட் இரண்டு படத்தில் வேறு வேறாகத் தெரிய இதுவும் காரணம். நடுவில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் அழுத்தி ரீசெட் செய்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். நிறம் தூக்கலாகத் தெரிந்தால் பிரீசெட்ஸ் பேனலில் இருக்கும் அமவுன்ட் ஸ்லைடரை 100இலிருந்து 60, 70க்கு இறக்கலாம்.

கே: கணினியில் இருக்கும் பிரீசெட்டை போனில் உள்ள லைட்ரூமுக்கு எப்படிக் கொண்டுபோவது? – யாழ்ப்பாணம்

ப: லைட்ரூம் கிளாசிக்கின் பிரீசெட் தானாகப் போனுக்குப் போகாது. சந்தா கட்டுபவரானால் கணினியில் கிளாசிக் அல்லாத மற்ற லைட்ரூமையும் நிறுவி, ஃபைல் மெனுவில் இம்போர்ட் புரொஃபைல்ஸ் அண்ட் பிரீசெட்ஸ் கொடுங்கள். அதே கணக்கில் போனில் நுழைந்திருந்தால் அங்கேயும் வந்துவிடும். சந்தா இல்லாமல் போனில் மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால், பிரீசெட் போட்ட படம் ஒன்றைக் கிளாசிக்கில் டிஎன்ஜி ஆக (திருத்தங்களையும் சேர்த்து வைக்கும் ரா வகை ஃபைல்) எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள். அவர் அதை லைட்ரூமில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் கிரியேட் பிரீசெட் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பவும். படமாக அனுப்பினால் அது சுருங்கிய ஜேபெக்காகத்தான் போய்ச் சேரும், உள்ளிருக்கும் செட்டிங்ஸ் எதுவும் மிஞ்சாது.

கே: டார்க்டேபிளுக்கு மாறிவிட்டேன். அங்கே பிரீசெட்டைப் பிரித்து வைக்க வழி உண்டா? – கோவை

ப: டார்க்டேபிள் என்ற இலவச ரா திருத்த மென்பொருளிலும் உண்டு, லைட்ரூமைவிட வசதியாகவே. அங்கே முழுப் படத்துக்கான தொகுப்புக்கு ஸ்டைல் என்று பெயர். ஸ்டைலுக்குப் பெயர் வைக்கும்போது நடுவில் செங்குத்துக் கோடு போட்டால் கிளைகளாகப் பிரியும். 'கல்யாணம்|மண்டபம்|மஞ்சள்' என்று வைத்தால் மூன்று அடுக்கு. ஆனால் எல்லாம் டேட்டா டிபி என்ற ஒரே ஃபைலுக்குள் இருப்பதால், அது கெட்டால் மொத்தமும் போகும். முக்கியமானவற்றை, படங்களை வரிசையாகக் காட்டும் லைட்டேபிள் பக்கத்தின் ஸ்டைல்ஸ் பகுதியிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து தனியாக வையுங்கள். லைட்ரூமின் எக்ஸ்எம்பி பிரீசெட்டை இங்கே ஸ்டைலாகப் பயன்படுத்த முடியாது. ராதெரபி என்ற இன்னொரு இலவச மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் எளிது: அதன் பிரீசெட்டுகளான பிபி3 ஃபைல்களை அதன் புரொஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் துணை ஃபோல்டர்களாகப் பிரித்து வைத்தால் மெனுவிலும் அப்படியே பிரிந்து தெரியும்.

கே: வாங்கிய தொகுப்பில் கியூப், ஏடிஎன் என்று ஃபைல்கள் இருக்கின்றன. லைட்ரூம் ஏற்க மறுக்கிறது. – திருநெல்வேலி

ப: இரண்டும் பிரீசெட் இல்லை. ஏடிஎன் என்பது போட்டோஷாப் ஆக்ஷன், அதாவது பதிந்து வைத்த வேலைகளின் வரிசை. போட்டோஷாப்பில் ஆக்ஷன்ஸ் பேனலின் மெனுவில் லோட் ஆக்ஷன்ஸ் கொடுங்கள். கியூப் என்பது லட், அதாவது ஒரு நிறத்தை எந்த நிறமாக மாற்றுவது என்று சொல்லும் அட்டவணை. அதை லைட்ரூமுக்குக் கொண்டுவர போட்டோஷாப்பின் கேமரா ரா வேண்டும். அங்கே பிரீசெட்ஸ் பக்கத்தில் புதிய பிரீசெட் பொத்தானை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் நியூ புரொஃபைல் என்ற பெட்டி திறக்கும். அதில் கலர் லுக்கப் டேபிளில் டிக் போட்டு, கியூப் ஃபைலைக் காட்டி, பெயர் கொடுத்துச் சேமியுங்கள். கேமரா ராவும் லைட்ரூம் கிளாசிக்கும் ஒரே செட்டிங்ஸ் ஃபோல்டரைப் பார்ப்பதால், லைட்ரூமை மூடித் திறந்ததும் அது புரொஃபைல் பிரவுசரில் வந்து நிற்கும்.